பதினெட்டாயிரம் கட்டில் இருக்கிறது, ஒரு மேசை இல்லையா?

நீளமான பதிவு. நேரம் இருப்பவர்கள் முழுதும் படியுங்கள். இல்லாதவர்கள் கடைசியில் உள்ள நான்கு கோரிக்கைகளையாவது படித்துவிட்டுத் திட்டுங்கள்.

போன வாரம் என் பழைய மாணவி ஒருத்தி வாட்ஸ்அப்பில் ஓர் அறிவிப்பை அனுப்பினாள். வெளிநாட்டில் ஏதோ ஒரு சின்னத் தீவு. எழுத்தாளர்களும் ஓவியர்களும் ஆறு வாரம் அங்கே போய்த் தங்கி வேலை செய்யலாமாம். கடலைப் பார்த்த அறை, சாப்பாடு, கைச்செலவுக்குப் பணம் எல்லாம் அவர்களே தருகிறார்கள். அதன் கீழே ஒரு வரி எழுதியிருந்தாள்: "ஐயா, இதுக்கு நான் போடலாமா?"

இந்தப் பெண் பத்தாம் வகுப்பில் என்னிடம் தமிழ் படித்தவள். கட்டுரை நோட்டை நான் திருத்த எடுத்தால் திருத்த மறந்து படித்துக்கொண்டிருப்பேன். இப்போது ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் கான்ட்ராக்டில் இருக்கிறாள். வாரம் ஒரு ஷிப்ட் மாறும். லைனுக்குள் போன் கொண்டுபோக முடியாது. அதனால் ஏதாவது வரி தோன்றினால் ஷிப்ட் முடியும்வரை அதை மனத்திலேயே சொல்லிச் சொல்லி வைத்துக்கொண்டிருந்து, கம்பெனி பஸ்ஸில் ஏறியதும் போனில் அடித்துக்கொள்வாளாம். அப்படிச் சேர்ந்த கதைகள் பதினொன்று. நான் படித்தவரை அதில் நாலு கதை எந்தப் பத்திரிகையிலும் வரத் தகுந்தது.

போன் போட்டேன்.

"போடலாம்மா. என்னென்ன கேக்குறாங்க?"

"இங்கிலீஷ்ல இருபது பக்கம் கேக்குறாங்க ஐயா. இதுவரைக்கும் வந்த புத்தகம், வாங்கின பரிசு எல்லாம் பட்டியல் போடணுமாம். ரெண்டு பேர் சிபாரிசுக் கடிதம் வேணுமாம்."

"சரி, அதை ஏதாவது பண்ணிக்கலாம். லீவு?"

சிரித்துவிட்டாள். "ஆறு வாரமா? சேர்ந்தாப்ல நாலு நாள் போகலைன்னாலே என் எடத்துல வேற ஆளு நிப்பா ஐயா."

அந்தச் சிரிப்பு என் காதிலேயே இருக்கிறது. அதனால்தான் இந்தப் பதிவு.

இந்த மாதிரித் திட்டங்களை ஆங்கிலத்தில் ரெசிடென்சி என்கிறார்கள். நான் 'தங்கல்' என்று சொல்லிக்கொள்கிறேன். ஓர் ஊர் ஒரு கலைஞனைக் கூப்பிட்டு, இடமும் சோறும் கொடுத்து, 'உன் வேலையைப் பார்' என்று விட்டுவிடுவது. நல்ல ஏற்பாடுதான். புலவரை ஆதரித்து, பரிசில் கொடுத்து அனுப்பிய மரபில் வந்த நமக்கு இது புதிதும் இல்லை. இந்த ஏற்பாடே வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. யார் தங்குகிறார்கள், எங்கே தங்குகிறார்கள், யார் கூப்பிட்டுத் தங்குகிறார்கள் என்ற மூன்று கேள்விக்குத்தான் எனக்குச் சண்டை.

முதலில் தீவுக் கதையைச் சொல்லிவிடுகிறேன். இந்த வகைத் திட்டங்களில் உலகத்தில் அதிகம் பேசப்படுவது கனடாவில், நியூஃபவுண்ட்லாந்து கரையோரம் உள்ள ஃபோகோ தீவு. இரண்டாயிரத்துச் சொச்சம் பேர் வாழும் இடம். பாறை, பனி, மீன். இன்று அங்கே பாறை விளிம்பில் மரக்கால்களின் மேல் நிற்கும் விநோதமான ஸ்டுடியோக்கள் இருக்கின்றன. உலகம் முழுவதிலிருந்தும் ஓவியர்களும் எழுத்தாளர்களும் அங்கே வந்து தங்குகிறார்கள். படத்தைப் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். என் மாணவிக்கும் அந்த மாதிரிப் படத்தைப் பார்த்துத்தான் ஆசை வந்திருக்கும்.

படத்தில் தெரியாத கதைதான் எனக்கு முக்கியம். 1960-களில் அந்தத் தீவு மக்களைக் காலி செய்து வேறு இடத்தில் குடியேற்றிவிடலாம் என்று அரசாங்கம் பார்த்தது. சின்னச் சின்ன மீனவ ஊர்களுக்கு ரோடு, ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் கொடுத்துக் கட்டுப்படியாகாது என்பது காரணம். 1967-ல் கனடாவின் தேசியத் திரைப்பட வாரியத்தைச் சேர்ந்த காலின் லோ என்ற இயக்குநர் கேமராவோடு அங்கே போனார். மக்களைப் பேச வைத்து 27 குறும்படங்கள் எடுத்தார். எடுத்ததைக் கொண்டுபோய் நகரத்தில் காட்டிப் பேர் வாங்குவதோடு நிறுத்தவில்லை. தீவுக்குள்ளேயே ஊர் ஊராகப் போட்டுக் காட்டினார். ஒரு கரையில் இருப்பவன் இன்னொரு கரையில் இருப்பவனின் கஷ்டத்தைத் திரையில் பார்த்தான். 'நமக்கெல்லாம் ஒரே பிரச்சினைதான்' என்று புரிந்தது. அமைச்சர்களுக்கும் அந்தப் படங்கள் போட்டுக் காட்டப்பட்டன. மக்கள் மீனவர் கூட்டுறவுச் சங்கம் அமைத்தார்கள். தீவைக் காலி செய்யவில்லை.

பிறகு 1992-ல் காட் மீன் பிடிக்கத் தடை வந்து மறுபடியும் பிழைப்பு போனது. அதே தீவில் பிறந்து, வெளியே போய்க் கண்ணாடி இழைத் தொழிலில் பெரும் பணம் சம்பாதித்த ஸீட்டா காப் என்ற அம்மையார் திரும்பி வந்து அறக்கட்டளை தொடங்கினார். ஸ்டுடியோக்கள் அதிலிருந்து வந்தவை. 2013-ல் 29 அறைகள் கொண்ட விடுதி ஒன்றும் திறந்தார்கள். அதில் வரும் லாபம் தீவுக்கே திரும்புகிறது என்பது ஏற்பாடு.

ஆக, கலைஞன் தங்குவதற்கு 40 ஆண்டுக்கு முன்பே, அந்த ஊர் தன் முகத்தைத் தானே பார்த்துக்கொண்டுவிட்டது. கலையால் ஊருக்கு என்ன லாபம் என்று அந்த ஊருக்குத் தெரியும். அந்த ஊர்க்காரர் ஒருவர்தான் விருந்தாளியைக் கூப்பிட்டார். இந்த இரண்டையும் விட்டுவிட்டு, கடலையும் ஸ்டுடியோவையும் மட்டும் நகல் எடுக்கிறவர்கள்தான் உலகம் முழுதும் அதிகம். அமைதியான இடம், அழகான காட்சி, தொந்தரவு செய்யாத உள்ளூர்க்காரர்கள். ஊர் என்பது அங்கே திரைச்சீலை, அவ்வளவுதான்.

நம் பக்கத்தில் நடந்ததைப் பார்ப்போம்.

1966-ல் சென்னை ஓவியக் கல்லூரி முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கரும் அவருடைய மாணவர்களும் சேர்ந்து ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் கலைக் கிராமத்தைத் தொடங்கினார்கள். யாரும் அவர்களுக்குக் கடல் பார்த்த அறை கொடுக்கவில்லை. பாத்திக் துணி, கைவினைப் பொருள்கள் செய்து விற்று, அந்தப் பணத்தில் மணல்காட்டை வாங்கினார்கள். வயிற்றுக்குக் கைவினை, மனத்துக்கு ஓவியம் என்று வைத்துக்கொண்டார்கள். பல பத்தாண்டுகள் ஆகிவிட்டன, இன்னும் இருக்கிறது. நம் தமிழ்நாட்டில் கலைஞர்கள் தங்களுக்கென்று ஓர் இடம் உண்டாக்கிக்கொண்டதற்கு இதைவிடப் பெரிய உதாரணம் இல்லை.

கி. ராஜநாராயணனை எடுத்துக்கொள்ளுங்கள். பள்ளிப் படிப்பைக்கூட முடிக்காத இடைசெவல் விவசாயி. அவரை 1980-களின் இறுதியில் புதுவைப் பல்கலைக்கழகம் சிறப்பு வருகைப் பேராசிரியராகக் கூப்பிட்டது. இதுவும் ஒரு தங்கல்தான். அவர் போய் அறைக்குள் உட்கார்ந்து கரிசல் கதையை மட்டும் எழுதிக்கொண்டிருக்கவில்லை. புதுச்சேரி வட்டாரத்து நாட்டுப்புறக் கதைகளைச் சேகரித்துத் தொகுத்தார். கூப்பிட்ட ஊரின் கதை புத்தகமாக அந்த ஊரிடமே திரும்பி வந்தது. கூப்பிட்டவர்கள் பட்டம் கேட்கவில்லை. ஆங்கிலத்தில் இருபது பக்கமும் கேட்டிருக்க மாட்டார்கள்.

அசோகமித்திரன் 1973-ல் அமெரிக்காவில் அயோவா பல்கலைக்கழகத்தின் சர்வதேச எழுத்தாளர் திட்டத்துக்குப் போனார். பல நாட்டு எழுத்தாளர்களோடு ஏழு மாதம். அந்த அனுபவத்தை வைத்து அவர் எழுதிய நூலுக்கு 'ஒற்றன்!' என்று பெயர். எனக்கு அந்தத் தலைப்பின் மேல் தனி மரியாதை உண்டு. அடுத்தவர் ஊரில் போய் உட்கார்ந்து பார்த்து எழுதுகிற எவனுக்கும் 'நான் விருந்தாளியா, ஒற்றனா' என்ற உறுத்தல் கொஞ்சமாவது இருக்க வேண்டும். அது இல்லாதவன் சுற்றுலாப் பயணி.

இன்னும் பக்கத்தில் வருகிறேன். காஞ்சிபுரத்தை ஒட்டிய புஞ்சரசந்தாங்கல் கிராமத்தில் கட்டைக்கூத்துச் சங்கத்தின் இடம் இருக்கிறது. கூத்துக் கலைஞர் பெ. ராஜகோபாலும் அவர் துணைவியார் ஹன்னே டி புருய்னும் 2002-ல் அங்கே குருகுலம் தொடங்கினார்கள். ஏழை வீட்டுப் பிள்ளைகள் அங்கேயே தங்கி, காலையில் பாடம், மாலையில் கூத்து என்று படித்தார்கள். ஆண்களே வேஷம் கட்டிய மேடையில் பெண் பிள்ளைகள் கட்டியம்காரனாகவும் துரியோதனனாகவும் நின்றார்கள். நம் மாவட்டத்தில் இது நடந்தது என்று நம் மாவட்டத்திலேயே எத்தனை பேருக்குத் தெரியும்? தீவில் இருக்கும் ஸ்டுடியோ தெரிகிறது, பக்கத்துத் தாலுகா தெரியவில்லை.

இனி நம் ஊருக்கு வருகிறேன்.

எங்கள் பக்கத்தைப் படத்தில் பார்த்தால் யாருக்கும் ஆசை வராது. ஒரு பக்கம் பெங்களூர் நெடுஞ்சாலை. இன்னொரு பக்கம் வண்டலூர்–வாலாஜாபாத் சாலை. அதைக் குறுக்கே வெட்டிக்கொண்டு சிங்கப்பெருமாள்கோயில் சாலை. நடுவில் நாங்கள். 1990-களின் கடைசியில் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் வெளியே வந்ததிலிருந்து தொடங்கியது. 2006-ல் நோக்கியா வந்தது, 2014-ல் மூடிவிட்டுப் போனது. பிறகு ஒரகடம், வல்லம் வடகால், சுங்குவார்சத்திரம். ஏர் ஓட்டிய இடத்தில் லாரி ஓடுகிறது. விடியற்காலை ஐந்தரைக்கு எங்கள் தெருமுனையில் நின்று பாருங்கள். கம்பெனி பஸ்கள் வரிசையாக வரும். ஜன்னலில் சாய்ந்தபடி தூங்கும் பிள்ளைகள் எல்லாருடைய கழுத்திலும் ஐ.டி. கார்டு. செய்யாறு, திண்டிவனம், தர்மபுரி, நாகப்பட்டினம், அதற்கு அப்பால் ஒடிசா, ஜார்க்கண்ட், பீகார் என்று எங்கெங்கிருந்தோ வந்த பிள்ளைகள்.

இதுவும் ஒரு தீவுதான். சுற்றிலும் தண்ணீருக்குப் பதில் சாலை. இங்கே இருப்பவர்களும் 'ரெசிடென்ட்'கள்தான். ஹாஸ்டலில் தங்குகிறார்கள், சோறு போடுகிறார்கள், வேலை செய்யச் சொல்கிறார்கள். ஆனால் இந்தத் தங்கலைப் பற்றி யாரும் கையேடு அச்சடிப்பதில்லை.

2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் பெண் தொழிலாளர்களுக்கென்று சிப்காட் கட்டிய விடுதியை முதலமைச்சர் திறந்து வைத்தார். 706.50 கோடி ரூபாய் செலவு. 18,720 படுக்கைகள். நான் அதைக் குறை சொல்ல மாட்டேன். 2021 டிசம்பரில் ஒரு விடுதியில் சாப்பாடு விஷமாகி, நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட பெண்கள் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டு, மற்றவர்கள் நெடுஞ்சாலையில் உட்கார்ந்த இரவை நாங்கள் மறக்கவில்லை. அந்தப் பெண்கள் ரோட்டில் உட்கார்ந்ததால்தான் ஹாஸ்டல் என்ற சொல்லே செய்தித்தாளுக்கு வந்தது. நல்ல கட்டில் வந்தது நல்லதே.

ஆனால் எண்ணிக்கை எப்படி வருகிறது பாருங்கள். ஏக்கர் எண்ணுகிறோம், கோடி எண்ணுகிறோம், வேலைவாய்ப்பு எண்ணுகிறோம், கட்டில் எண்ணுகிறோம். பதினெட்டாயிரத்துச் சொச்சம் பேர் படுக்க இடம் வேண்டும் என்று யோசித்த நமக்கு, அதில் ஒருத்தி உட்கார்ந்து எழுத வேண்டும் என்று நினைத்தால் அவளுக்கு ஒரு மேசை, ஒரு கதவு, மூன்று மாதம் வேண்டுமே என்று தோன்றவில்லை. வாசிப்பறை, டி.வி. அறை பற்றி நான் பேசவில்லை. எழுதுவதையே அந்த மூன்று மாதத்துக்கு அவளுடைய வேலையாக ஒப்புக்கொள்வதைப் பற்றிப் பேசுகிறேன்.

இங்கே என்ன எழுத இருக்கிறது என்று ஒரு நண்பர் கேட்டார். கவிஞர்தான், அவரே கேட்டார். நோக்கியா மூடிய அன்றைக்குக் கடைசி ஷிப்ட் முடித்து வெளியே வந்த பெண் வீட்டில் என்ன சொன்னாள்? நிலத்துக்கு வந்த பணத்தில் கார் வாங்கி, அதையே கம்பெனிக்கு வாடகைக்கு விட்டு, இப்போது தவணை கட்ட முடியாத அண்ணன்–தம்பி என்ன பேசிக்கொள்கிறார்கள்? ஒடியா பேசும் பெண்ணும் தருமபுரிப் பெண்ணும் ஒரே அறையில் இரண்டு வருஷம் எந்த மொழியில் சண்டை போட்டுச் சமாதானமானார்கள்? கடல் பார்த்த அறையில் உட்கார்ந்தவனுக்கு இதெல்லாம் கேட்காது.

வந்தவர்களும் உண்டு. அதையும் சொல்லிவிட வேண்டும்.

நான் பணியில் இருந்தபோது ஒரு குழு வந்தது. பேர் வேண்டாம். ஏதோ ஒரு நிறுவனத்தின் பணத்தில், ஒரு மாதத் தங்கல். மூன்று கலைஞர்கள். நெடுஞ்சாலை ஓட்டலில் தங்கி, தினமும் காரில் வந்தார்கள். நல்ல பிள்ளைகள், மரியாதையாகப் பேசினார்கள். எங்கள் பள்ளிப் பிள்ளைகளை ஏரிக்கரைக்குக் கூட்டிப்போய் ஏரியை வரையச் சொன்னார்கள். ஊர்ப் பாட்டிகளிடம் நடவுப் பாட்டைப் பதிவு செய்தார்கள். கிளம்பும்போது படங்களை எல்லாம் வாங்கிக்கொண்டு, 'கண்காட்சி வைத்துவிட்டு உங்களுக்கும் காட்டுகிறோம் சார்' என்றார்கள்.

ஒரு வருஷம் கழித்து ஏதோ ஒரு பெருநகரத்தில் கண்காட்சி நடந்த புகைப்படத்தை இணையத்தில் பார்த்தேன். எங்கள் ஏழாம் வகுப்புப் பையன் வரைந்த ஏரி, சட்டம் போட்டுச் சுவரில் தொங்குகிறது. ஏரிக்குள் இரண்டு லாரி நிற்பதாக அவன் வரைந்திருந்தான், அதை வைத்துத்தான் அடையாளம் கண்டேன். கீழே 'உள்ளூர்ச் சிறுவர்கள்' என்று போட்டிருந்தது. எந்தப் பிள்ளையின் பெயரும் இல்லை. அந்தப் பையன் அதற்குப் பிறகும் மாதம் ஒருமுறை கேட்பான்: "ஐயா, என் படம் எப்ப வரும்?" நான் மின்னஞ்சல் அனுப்பினேன், இரண்டு முறை. பதில் இல்லை.

அவர்கள் மேல் மட்டும் பழி போட மாட்டேன். தப்பு என் மேலும் இருக்கிறது. அனுமதிக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டவன் நான். 'பிள்ளைகள் பெயர் போடுங்கள், முதலில் இங்கே காட்டுங்கள், படத்தைத் திருப்பிக் கொடுங்கள்' என்று மூன்று வரி எழுதி வாங்கியிருக்கலாம். கலைஞர்கள் வந்திருக்கிறார்களே என்ற பெருமையில் வாயைத் திறக்கவில்லை. விருந்தாளியிடம் எதையும் கேட்கக் கூடாது என்பது நம் பழக்கம். நம்மை விருந்து வைக்கச் சொன்னது யார் என்றாவது கேட்டிருக்க வேண்டும்.

இனி எதிர்ப்புகள். கமெண்டில் வரப்போவது எனக்குத் தெரியும், முன்னாடியே பதில் சொல்லிவிடுகிறேன்.

'கம்பெனிக்குள் கலைஞனை யார் சார் விடுவான்?' விட்டிருக்கிறார்கள். அமெரிக்காவில் விஸ்கான்சினில் கோலர் என்ற கம்பெனி, கழிப்பறைப் பீங்கானும் குழாயும் செய்கிற கம்பெனிதான், 1974-லிருந்து தன் பீங்கான் கூடத்திலும் வார்ப்படக் கூடத்திலும் கலைஞர்களுக்கு இடம் கொடுத்து வருகிறது. தொழிலாளி பக்கத்தில் நின்று, அவனிடம் கேட்டுக் கற்றுக்கொண்டு, அதே மண்ணில் அதே சூளையில் சிற்பி வேலை செய்கிறான். இங்கிலாந்தில், சோழமண்டலம் தொடங்கிய அதே 1966-ல், பார்பரா ஸ்டீவினியும் ஜான் லேத்தமும் சேர்ந்து தொழிற்சாலைகளுக்குள் கலைஞர்களை அனுப்பும் அமைப்பைத் தொடங்கினார்கள். அதில் ஸ்டூவர்ட் பிரிஸ்லி என்பவர் ஒரு நாற்காலித் தொழிற்சாலைக்குப் போனார். அங்கே மெருகு போடும் இயந்திரங்களுக்கு, அதில் வேலை செய்கிறவர்கள் விரும்பும் கால்பந்து அணிகளின் நிறங்களைப் பூச வைத்தார். சின்ன விஷயம்தான். ஆனால் அந்த இயந்திரத்துக்கு என்ன நிறம் என்று அதுவரை யாரும் அவர்களைக் கேட்டதில்லை.

'பணம் எங்கே?' கம்பெனிகள் சட்டம் 2013, பிரிவு 135. குறிப்பிட்ட அளவுக்கு மேல் லாபமோ விற்றுமுதலோ உள்ள கம்பெனி, மூன்று ஆண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவழிக்க வேண்டும். எதற்கெல்லாம் செலவழிக்கலாம் என்ற ஏழாவது அட்டவணையில் கலை, பண்பாடு, பொது நூலகம், மரபுக் கலைகள் எல்லாம் எழுதியே இருக்கிறது. எங்கள் பள்ளிக்கு அந்தப் பணத்தில் கழிப்பறையும் பெஞ்சும் வந்திருக்கிறது, நன்றி சொல்கிறேன். அதே பணத்தில் ஒரு மேசைக்கும் வழி உண்டு என்று சட்டமே சொல்கிறது. கேட்பவர் இல்லை.

'கம்பெனிக் காசில் எழுதினால் கம்பெனியைப் பற்றித் தானே புகழ்ந்து எழுதுவான்?' இது நியாயமான பயம். அதற்குத்தான் நான்காவது கோரிக்கை.

'எட்டு மணி நேரம் லைனில் நிற்கிறவளுக்குக் கதை எழுதத் தெம்பு ஏது? அவளுக்குச் சம்பள உயர்வு முக்கியமா, கதை முக்கியமா?' சம்பள உயர்வும் வேண்டும், சங்கமும் வேண்டும், நிரந்தர வேலையும் வேண்டும். அதற்காகக் கதை வேண்டாம் என்று அவள் சார்பில் நீங்கள் ஏன் எழுதிக் கொடுக்கிறீர்கள்? அவள் கேட்காமலேயே எழுதிக்கொண்டிருக்கிறாள். பணக்கார வீட்டுப் பிள்ளை எழுதினால் திறமை, லைனில் நிற்கிற பிள்ளை எழுதினால் ஆடம்பரமா?

'அரசுதான் எழுத்தாளர்களுக்குக் கனவு இல்லம் கொடுக்கிறதே?' கொடுக்கிறது, வரவேற்கிறேன். 2021-ல் அறிவித்தார்கள். ஞானபீடம், சாகித்திய அகாதெமி போன்ற பெரிய விருது வாங்கியவர்களுக்கு வீடு. அது எழுதி முடித்தவருக்குச் செய்யும் மரியாதை. எழுதத் தொடங்குகிறவருக்கு வேண்டியது வீடு அல்ல. மூன்று மாதம்.

இப்போது என் கோரிக்கைகள்.

ஒன்று. விருந்தாளியைக் கூப்பிடுவது ஊராக இருக்கட்டும். இந்தப் பக்கத்தில் யார் பணத்தில் எந்தத் தங்கல் நடந்தாலும், ஆளைத் தேர்ந்தெடுக்கும் குழுவில் ஒரு தொழிலாளி, ஓர் அரசுப் பள்ளி ஆசிரியர், ஒரு நூலகர், ஒரு கூத்துக் கலைஞர் இருக்க வேண்டும். விண்ணப்பம் தமிழில் போடலாம். புத்தகப் பட்டியல் கேட்கக் கூடாது. பத்துப் பக்கம் எழுதியது போதும். கையால் எழுதியிருந்தாலும் சரி.

இரண்டு. பாதி இடம் இங்கே வேலை செய்கிறவர்களுக்கு. மூன்று மாதம், வாங்கும் சம்பளம் குறையாமல். திரும்பி வரும்போது அதே வேலை இருக்க வேண்டும். கான்ட்ராக்ட் ஆளுக்கும் இது பொருந்த வேண்டும். இந்த ஒரு வரி இல்லாவிட்டால் மற்ற எல்லாம் வெறும் அலங்காரம்.

மூன்று. எழுதியதை, வரைந்ததை முதலில் இங்கே காட்ட வேண்டும். மே 1 கிராம சபை கூடுகிற நாள், தொழிலாளர் நாளும் அதுதான். அன்றைக்குப் பள்ளி மைதானத்தில் காட்டுங்கள், படித்துக் காட்டுங்கள். யார் பாட்டைப் பாடினார்களோ, யார் படம் வரைந்தார்களோ அவர்கள் பெயர் வேண்டும். ஒரு பிரதி ஊர் நூலகத்தில் இருக்க வேண்டும். ரகசியமாகக் கிடைத்த மந்திரத்தைத் திருக்கோட்டியூர்க் கோபுரத்தில் ஏறி ஊருக்கே சொன்னார் என்று யாரைப் பற்றிச் சொல்கிறோமோ, அந்த ராமானுஜர் பிறந்த ஊர் ஸ்ரீபெரும்புதூர். எங்களிடம் வாங்கியதை எங்கள் காதில் சொல்லாமல் எடுத்துக்கொண்டு போகாதீர்கள்.

நான்கு. கம்பெனியின் பணம் வரட்டும், கம்பெனியின் பேனா வர வேண்டாம். பணம் மாவட்ட நூலக ஆணைக்குழு போன்ற ஒரு பொது அமைப்பின் கைக்குப் போய், அங்கிருந்து எழுதுகிறவருக்குப் போகட்டும். எழுதியதை ஹெச்.ஆர். படித்துப் பார்த்துத் திருத்தும் உரிமை இருக்கவே கூடாது. 'எங்களைப் பற்றி மோசமாக எழுதிவிட்டால்?' என்று கேட்கும் கம்பெனி, பயப்பட என்ன இருக்கிறது என்று தனக்குள்ளே கேட்டுக்கொள்ளட்டும்.

இதில் எதுவும் நிலவைப் பிடித்துக் கொடு என்பதில்லை. ஒரு வீடு, ஆறு மேசை, வருஷத்துக்கு இருபது பேர். 706 கோடி எண்ணத் தெரிந்த நமக்கு இது கணக்கே இல்லை.

கடைசியாக, அந்தப் பெண்ணுக்கு என்ன சொன்னேன் என்று கேட்பீர்கள். 'போடு' என்று சொல்லிவிட்டேன். என்னோடு பணியாற்றிய ஆங்கில ஆசிரியர் இரண்டு கதைகளை மொழிபெயர்த்துக் கொடுக்கிறேன் என்றிருக்கிறார். சிபாரிசுக் கடிதம் நான் ஒன்று எழுதுகிறேன். இன்னொன்றுக்கு ஆள் தேடுகிறோம். கிடைத்தால் லீவுக்கு என்ன செய்வது என்று பிறகு பார்ப்போம். கிடைக்காவிட்டாலும் தமிழில் அந்தக் கதைகள் வந்தாக வேண்டும்.

அதுவரை சும்மா இருக்க முடியாது. என் வீட்டு மாடியில் ஓர் அறை இருக்கிறது, பையன் வெளியூர் போனதிலிருந்து காலி. அதில் மேசை, விசிறி, விளக்கு போட்டு வைத்திருக்கிறேன். எழுத நினைக்கிற எந்தப் பிள்ளையும் வீக்லி ஆஃப் அன்று வந்து உட்காரலாம். டீ உண்டு, அறிவுரை கிடையாது. அவளிடம் சொன்னபோது ஒன்றுதான் கேட்டாள்: "நைட் ஷிப்ட் முடிச்சு நேரா வந்தா காலையில ஏழு மணி ஆகிடும் ஐயா, பரவாயில்லையா?"

பரவாயில்லை. நான் நாலரைக்கே எழுந்துவிடுவேன்.

இந்தப் பக்கம் வேலை செய்துகொண்டே எழுதுகிறவர்கள், வரைகிறவர்கள், பாட்டுக் கட்டுகிறவர்கள் யாராவது இதைப் படித்தால் இன்பாக்ஸில் வாருங்கள். கம்பெனிகளில் சமூகப் பணி நிதியைக் கையாளும் அதிகாரிகள் என் மாணவர்களிலேயே சிலர் இருக்கிறார்கள். அவர்கள் லைக் போட்டுவிட்டுப் போகாமல் பதில் எழுத வேண்டும். வாத்தியார் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் உட்கார முடியாது என்பது உங்களுக்கு நினைவிருக்கும்.